மாரடைப்புக்கு முன்பே தொடங்கிய காய்ச்சல்: இதய வால்வுத் தொற்று குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இதய வால்வில் கிருமித் தொற்று ஏற்பட்டு, அது மாரடைப்பில் போய் முடிவது அரிதாகத்தான் நடக்கிறது. அரிது என்பதாலேயே அவசர நேரத்தில் யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. நினைவுக்கு வராமல் போனால், மாரடைப்புக்கு உயிர் காக்கும் மருந்தாகக் கொடுக்கப்படும் ஊசியே இவர்களின் உயிரைப் பறித்துவிடக்கூடும். இங்கே வரும் நோயாளி ஒரு தனி ஆள் அல்ல. இந்த நோய் வழக்கமாகச் செல்லும் பாதையை வைத்துக் கற்பித்தலுக்காகக் கோத்த வரலாறு இது. மருத்துவ மாணவர்களையும் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் இளம் மருத்துவர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வீட்டில் யாருக்காவது வால்வுக் கோளாறு இருந்தால் அவர்களுக்கும் இது பயன்படும்.

நோயாளி

வயது 44, ஆண். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, புகைப்பழக்கம் இல்லை. குடும்பத்தில் இளம் வயதில் யாருக்கும் மாரடைப்பு வந்ததில்லை. விடியற்காலையில் நடு நெஞ்சில் இறுக்கமான வலி, உடம்பெல்லாம் வியர்வை, இடது கையில் கனம். வலி தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். ஈசிஜியில் வி2 முதல் வி5 வரை, அதாவது நெஞ்சின் முன்புறத்தில் ஒட்டிய முனைகளில், எஸ்டி பகுதி எனப்படும் கோடு நன்றாக உயர்ந்திருந்தது. இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது முன்புறத் தமனி அடைபட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

அங்கே ஆஞ்சியோ, அதாவது இதயத் தமனிக்குள் மெல்லிய குழாயை விட்டு அடைப்பைப் பார்த்து நீக்கும் வசதி, கிடையாது. அந்த வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர 70 நிமிடம் ஆகும்; ஆம்புலன்ஸ் வரும் நேரத்தையும் அங்கே தயாராகும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஆஸ்பிரின் கொடுத்தாயிற்று. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தயார் செய்து கொண்டிருந்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு வந்ததுண்டா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, பக்கவாதம் வந்ததா என்ற வழக்கமான கேள்விகளுக்கெல்லாம் ‘இல்லை’ என்றே பதில்.

அப்போதுதான் செவிலியர் உடல் வெப்பநிலையைக் குறித்தார்: 101.2 டிகிரி ஃபாரன்ஹீட். நாடித்துடிப்பு 112. ரத்த அழுத்தம் 118/48. பணியில் இருந்த மருத்துவர் நோயாளியின் மனைவியிடம், “காய்ச்சல் எப்போதிலிருந்து இருக்கு?” என்று கேட்டார். “ஆறு வாரமாவே வந்து வந்து போகுது டாக்டர். மாத்திரை போட்டா நாலு நாள் நல்லா இருப்பார், அப்புறம் திரும்ப ஆரம்பிச்சிடும். மூணு தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க. அஞ்சு கிலோ இளைச்சிட்டார்” என்றார் அவர்.

மருத்துவர் மறுபடியும் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இம்முறை நோயாளியை முன்பக்கம் சாய்த்து உட்காரவைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் கேட்டார். இரண்டாவது இதய ஒலியைத் தொடர்ந்து மெல்லிய ஊதல் போன்ற முணுமுணுப்பு ஒன்று கேட்டது. பெருந்தமனி வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. 118/48 என்ற அழுத்தத்தில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இருந்த பெரிய இடைவெளியும் அதைத்தான் சொன்னது. கைவிரல் நகங்களுக்கு அடியில் சிம்பு குத்தியது போல மெல்லிய சிவப்புக் கோடுகள் தெரிந்தன; வால்வுத் தொற்றில் காணப்படும் அடையாளம் அது.

கரைக்கும் ஊசி நிறுத்தப்பட்டது.

ஏன் நிறுத்த வேண்டும்?

இந்த நிகழ்வில் எல்லாமே இந்த முடிவைச் சுற்றித்தான் நிற்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

வழக்கமான மாரடைப்பில், தமனியின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைகிறது. கரைக்கும் ஊசி வேலை செய்வது இந்த உறைவின் மீது. வால்வுத் தொற்றில் தமனியை அடைப்பது வேறு பொருள். சேதமடைந்த வால்வின் பரப்பில் ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் இழைகளும் ரத்தத் தட்டணுக்களும் படிகின்றன, அதற்குள் பாக்டீரியாக்கள் கூடு கட்டிப் பெருகுகின்றன. மருத்துவர்கள் வெஜிடேஷன் என்று சொல்லும் இந்தக் கிருமித் திரளில் இருந்து ஒரு துண்டு உடைந்து கிளம்பித் தமனியில் சிக்கிக்கொள்கிறது. பழைய, இறுகிய, கிருமி நிறைந்த அந்தத் துண்டு கரைக்கும் ஊசிக்குக் கரையும் என்று நம்பி இருக்க முடியாது.

ஆனால் ஊசி பலன் தராமல் போகக்கூடும் என்பதைவிடப் பெரிய ஆபத்து மூளையில் இருக்கிறது. இதயத் தமனிக்குள் ஒரு துண்டு போயிருந்தால், மூளைக்கும் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வால்வுத் தொற்று உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் என எந்த அறிகுறியும் இல்லாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் மூளையில் சிறு பாதிப்புகள் தென்படுகின்றன. கிருமித் துண்டு போய் உட்கார்ந்த இடத்தில் ரத்தக்குழாயின் சுவர் அரிக்கப்பட்டுப் பலூன் போல வீங்கியும் இருக்கலாம். அந்த நேரத்தில் உடம்பு முழுவதும் ரத்தம் உறையும் திறனைக் குலைக்கும் மருந்தைச் செலுத்தினால் மூளைக்குள் ரத்தம் கொட்டிவிடும். அப்படி உயிரிழந்தவர்கள் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் உள்ளன. ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல்களில் கரைக்கும் ஊசியைத் தவிர்க்க வேண்டிய சூழல்களின் பட்டியலில் வால்வுத் தொற்றும் இருக்கிறது. என் வருத்தமெல்லாம், அவசரப் பிரிவில் கேட்கப்படும் கேள்விகளில் ‘காய்ச்சல் இருந்ததா?’ என்பது பெரும்பாலும் இருப்பதில்லை என்பதுதான். தொற்று இருக்கிறது என்று முன்பே தெரிந்தால்தானே அந்தப் பட்டியல் உதவும்?

இதில் கடிகாரத்தின் நெருக்கடியும் உண்டு. 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோ செய்ய முடியாவிட்டால், நோயை உறுதி செய்த 10 நிமிடத்தில் கரைக்கும் ஊசியைப் போட வேண்டும் என்பது நெறிமுறை. பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்த வேகம்தான் உயிர். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தெர்மாமீட்டர் வைக்க ஒரு நிமிடம் போதும். மனைவியிடம் ஒரு கேள்வி கேட்க அதைவிடக் குறைவான நேரம் போதும்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சாதாரண மாரடைப்பிலும் லேசான காய்ச்சல் வரும். இறந்த இதயத் தசைக்கு உடல் காட்டும் எதிர்வினை அது. ஆனால் அது வலி வந்து பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ வருவது. நெஞ்சு வலி தொடங்கும் முன்பே இருந்த காய்ச்சல், அதுவும் வாரக்கணக்கில் இருந்த காய்ச்சல், வேறு கணக்கு. காய்ச்சல் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல் எப்போது தொடங்கியது என்றும் கேட்க வேண்டும்.

அடுத்த சில மணி நேரம்

ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூன்று வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி மூன்று ஜோடி பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்கப்பட்டது. ஆன்டிபயாட்டிக் அதற்குப் பிறகுதான். நோயாளி கடைசி மாத்திரையை விழுங்கிப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் கல்ச்சரில் எதுவுமே வளராமல் போயிருக்கலாம்.

பெரிய மருத்துவமனையில் முதலில் மூளைக்கு ஒரு சிடி எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை. படுக்கையருகிலேயே செய்த எக்கோவில் (ஒலியலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை) இதயத்தின் முன்சுவர் நுனிப்பகுதி அசையாமல் இருந்தது. பெருந்தமனி வால்வில் ஏதோ ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்துக் கடினமான ஒரு கேள்வி வந்தது. ஆஞ்சியோவுக்கான குழாய் பெருந்தமனியின் அடிவாரம் வரை போக வேண்டும். இதயத் தமனிகளின் வாய்கள் பெருந்தமனி வால்வுக்குச் சற்று மேலேதான் இருக்கின்றன. குழாய் கொஞ்சம் தவறி வால்வில் பட்டால், ஆடிக்கொண்டிருக்கும் அந்தத் திரள் உடைந்து மூளைக்குப் போகலாம். நோயாளி நிலையாக இருந்து, தமனிகளின் நிலையை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால், இதயத்துக்குக் குழாய் விடாமல் சிடி கருவியில் எடுக்கும் சிடி ஆஞ்சியோவே பாதுகாப்பு. இவருக்கு வலி நிற்கவில்லை, ஈசிஜி மாறவில்லை, இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது. அதனால் குழாயை உள்ளே விடுவது என்று முடிவானது. வால்வைக் கடந்து இதய அறைக்குள் எந்தக் கம்பியும் போகக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். இரண்டு ஆபத்துகளில் எது பெரியது என்று எடைபோட்டு எடுத்த முடிவு இது. நான் அங்கே இருந்திருந்தாலும் இதையே ஆதரித்திருப்பேன்.

படத்தில் இடது முன்புறத் தமனி, பாதி தூரத்துக்குப் பிறகு கத்தியால் வெட்டியது போல நின்றிருந்தது. மற்ற தமனிகள் வழவழவென்று, ஒரு கொழுப்புத் திட்டுகூட இல்லாமல் இருந்தன. இப்படிச் சட்டென்று துண்டிக்கப்பட்ட தோற்றமும் மற்ற தமனிகளின் சுத்தமும் சேர்ந்தால், வெளியிலிருந்து வந்து அடைத்த பொருள் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பலூன் விரிக்கவில்லை, ஸ்டென்ட் வைக்கவில்லை. உறிஞ்சு குழாயை உள்ளே செலுத்தி அடைப்பை வெளியே இழுத்தார்கள். வெளிறிய, சதை போன்ற ஒரு துண்டு வந்தது. ரத்த ஓட்டம் திரும்பியது. பலூனைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: கிருமி நிறைந்த துண்டைத் தமனிச் சுவரோடு அழுத்தி நசுக்கினால் சுவரிலேயே தொற்று ஏறி, அந்த இடம் பிற்பாடு வீங்கி வெடிக்கலாம். ஸ்டென்ட் என்றால் கிருமிகளுக்கு நடுவே ஒரு உலோகத்தை விட்டுவருவதாகும். தவிர, ஸ்டென்ட் வைத்தால் இரண்டு தட்டணுத் தடுப்பு மருந்துகளைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். சில நாளில் வால்வு அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்ற நிலையில் அது பெரிய இடைஞ்சல். உறிஞ்சி எடுக்கவே முடியாத சூழலில் பலூனும் ஸ்டென்ட்டும் பயன்படுத்த வேண்டி வரலாம், வந்துமிருக்கிறது. ஆனால் முதல் தேர்வு அது அல்ல.

எடுத்த துண்டைக் குப்பையில் போடாமல் பாதியை நுண்ணோக்கிப் பரிசோதனைக்கும் பாதியைக் கல்ச்சருக்கும் அனுப்பினார்கள். இதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம், பல இடங்களில் இது மறந்துபோவதுதான். நோயை நேரடியாகக் காட்டும் சான்று கையில் கிடைத்திருக்கும்போது அதைவிட வேறென்ன வேண்டும்? நுண்ணோக்கியில் ஃபைப்ரினுக்கு நடுவே சங்கிலி சங்கிலியாக உருண்டைப் பாக்டீரியாக்கள் தெரிந்தன. மறுநாள் பிளட் கல்ச்சர் மூன்றிலும் ஒரே கிருமி வளர்ந்தது: விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். வாயில் இயல்பாகவே குடியிருக்கும் கிருமி. பெனிசிலினுக்கு நன்றாகக் கட்டுப்படும் வகையாகவும் இருந்தது.

விசாரித்தபோது, காய்ச்சல் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு கடைவாய்ப் பல்லில் வீக்கமும் வலியும் இருந்ததாகச் சொன்னார். தானாக வடிந்துவிட்டதால் விட்டுவிட்டாராம்.

வால்வில் என்ன இருந்தது

உணவுக்குழாய் வழியாகச் செய்த எக்கோ முழு விவரத்தையும் காட்டியது. நெஞ்சின் மேலிருந்து பார்க்கும் எக்கோ, வால்வுத் தொற்றைப் பத்தில் ஏழு பேரிடம்தான் கண்டுபிடிக்கும். உணவுக்குழாய் வழி எக்கோ பத்தில் ஒன்பது பேருக்கும் மேல். பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் இவருக்குப் பிறவியிலேயே இரண்டுதான். நூறு பேரில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு இப்படி இருக்கும், பெரும்பாலோர் தெரியாமலேயே நடுவயதைத் தாண்டிவிடுவார்கள். ரத்தம் சீராகப் போகாமல் சுழன்று மோதுவதால் இதழ்களின் பரப்பு தேய்கிறது, தேய்ந்த இடத்தில் கிருமி ஒட்டுகிறது. இவருடைய இதழ் ஒன்றில் 14 மி.மீ. நீளத்தில் ஒரு திரள் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடிக்கொண்டிருந்தது. 10 மி.மீ.க்கு மேல் இருந்து, ஆடவும் செய்தால் உடைந்து பறக்கும் அபாயம் அதிகம்.

வால்வுக்கு இவ்வளவு பக்கத்தில் இதயத் தமனிகளின் வாய்கள் இருந்தும், துண்டுகள் அங்கே போவது ஏன் அரிதாக இருக்கிறது? இதயம் சுருங்கும்போது ரத்தம் முழு வேகத்தில் மேலே பாய்கிறது, தமனிகளோ பக்கவாட்டில் திரும்பிக் கிளைக்கின்றன. வெள்ளத்தில் அடித்துவரும் கட்டை ஓரத்து வாய்க்காலில் திரும்பாமல் நேரே போவது போல, உடைந்த துண்டும் மூளைக்கோ மண்ணீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ போய்விடுகிறது. தவிர, இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான் இதயத் தமனிகளுக்குப் போகிறது. மாரடைப்பாக வெளிப்படுவது இடப்பக்க வால்வுத் தொற்றுகளில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை. இறந்தபின் உடலைத் திறந்து பார்த்த ஆய்வுகளிலோ, இதயத் தசையின் நுண்குழாய்களில் சிறு துண்டுகள் இதைவிடப் பல மடங்கு அதிகமானவர்களிடம் காணப்பட்டிருக்கின்றன.

துண்டு பறப்பது மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிடக்கூடாது. பெருந்தமனியின் அடிவாரத்தில் சீழ்க்கட்டி உருவாகி இதயத் தமனியை வெளியிலிருந்து அழுத்தலாம். பெரிய திரள் தமனியின் வாயிலேயே வந்து மூடலாம். வால்வு திடீரெனக் கிழிந்து கடுமையாகக் கசிந்தால், இதயம் விரியும் நேரத்து அழுத்தம் சரிந்து, தமனி திறந்திருந்தும் தசைக்கு ரத்தம் போதாமல் போகலாம். இதயத் தமனி ரத்தத்தை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் அந்த விரியும் நேரத்தில்தான். முதியவர்களிடம் பழைய கொழுப்பு அடைப்பும் கூடவே இருக்கும். இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் உயர்ந்தது என்பதை மட்டும் வைத்துத் தமனி அடைப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. தொற்றே இதயத் தசையைக் காயப்படுத்தி அதை உயர்த்தும்.

மூன்றாம் நாள்

பெனிசிலின் ரத்தக்குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைக்கும் நேரம். ஆனால் தினமும் எடுத்த ஈசிஜியில் ஒரு சிறு மாற்றம் தெரிந்தது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போய்ச் சேரும் நேரமான பிஆர் இடைவெளி, முதல் நாள் 170 மில்லி விநாடியாக இருந்தது, மூன்றாம் நாள் 230 ஆகியிருந்தது.

பார்வைக்குச் சாதாரண எண். நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் இதயத்தின் மின்கம்பி போன்ற கடத்துப் பாதை பெருந்தமனி வால்வை ஒட்டியே போகிறது. தொற்று இதழைத் தாண்டிச் சுற்றியுள்ள தசைக்குள் இறங்கினால் முதலில் பாதிக்கப்படுவது அதுதான். வால்வுத் தொற்று உள்ளவருக்குத் தினமும் ஈசிஜி எடுத்து இந்த ஒரு எண்ணை முந்தைய நாளோடு ஒப்பிடச் சொல்வது இதற்காகவே. அன்றே திரும்பச் செய்த உணவுக்குழாய் வழி எக்கோவில் வால்வு வளையத்தை ஒட்டிச் சிறு சீழ்க்கட்டி தெரிந்தது. முதல் நாள் அது இல்லை.

இனிக் காத்திருப்பதில் பொருளில்லை. சீழ்க்கட்டி, ஏற்கெனவே பறந்துவிட்ட துண்டு, இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் பெரிய திரள், கூடிவரும் கசிவு என எல்லாமே அறுவை சிகிச்சையை நோக்கிக் கைகாட்டின. பெரிய திரளும் கடுமையான வால்வுக் கோளாறும் உள்ளவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வது நல்லதா என்று கொரியாவில் 76 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. மருத்துவமனையில் இருக்கையில் மரணம் அல்லது ஆறு வாரத்துக்குள் துண்டு பறப்பது, இரண்டும் சேர்த்து, சீக்கிரம் செய்தவர்களில் 3 சதவீதம், வழக்கமான முறையில் காத்திருந்தவர்களில் 23 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் பெரிது.

மாரடைப்பு வந்து மூன்றே நாளில் நெஞ்சைத் திறப்பதா என்ற தயக்கம் குழுவில் எழுந்தது. மூளை எம்ஆர்ஐ எடுத்தார்கள். அறிகுறி தராத இரண்டு சிறு அடைப்புகள் இருந்தன, ரத்தக்கசிவு இல்லை. கசிவு இருந்திருந்தால் முடிந்தவரை நான்கு வாரமாவது தள்ளிப்போடப் பார்த்திருப்பார்கள். இல்லை என்பதால் மறுநாள் காலையிலேயே அறுவை சிகிச்சை. சீழ்க்கட்டியைச் சுத்தம் செய்து, குழிந்த இடத்தை ஒட்டுப்போட்டு மூடி, செயற்கை வால்வு பொருத்தப்பட்டது. ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக். இடையில் பல் மருத்துவர் வந்து, வேரில் சீழ் பிடித்திருந்த கடைவாய்ப் பல்லை எடுத்தார்.

ஆறு வாரக் காய்ச்சலைப் பற்றி

வால்வுத் தொற்றின் உயிரிழப்பு இன்றும் அதிகம். மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வீடு திரும்புவதில்லை. புகழ்பெற்ற மருத்துவரான வில்லியம் ஆஸ்லர் 1885இல் லண்டனில் இந்த நோயைப் பற்றி ஆற்றிய உரைகளிலேயே, உயிரோடிருக்கும்போது இதை அடையாளம் காண்பது எவ்வளவு கடினம் என்று பேசியிருக்கிறார். அவரிடம் எக்கோவும் இல்லை, பெனிசிலினும் இல்லை. நம்மிடம் இரண்டும் இருக்கின்றன.

மூன்று முறை கொடுக்கப்பட்ட ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் இந்த நோயாளிக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. தீங்குதான் செய்தன. வால்வு இதழில் ரத்தக்குழாய்கள் கிடையாது என்றே சொல்லலாம், அதனால் நோய் எதிர்ப்பு அணுக்கள் திரளின் உள்ளே எளிதில் போக முடியாது. அங்கே அடர்த்தியாகத் தங்கியிருக்கும் கிருமியை அழிக்க அதிக அளவு மருந்து வாரக்கணக்கில் வேண்டும். ஐந்து நாள் மாத்திரை ரத்தத்தில் மிதக்கும் கிருமியைக் குறைத்துக் காய்ச்சலைத் தணிக்கும், கல்ச்சரைக் குழப்பும், திரளை விட்டுவிடும். காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்து, கூடவே இதயத்தில் முணுமுணுப்பும் இருந்தால், அடுத்த மாத்திரைச் சீட்டு எழுதும் முன் பிளட் கல்ச்சர் எடுத்தே ஆக வேண்டும். இதில் நான் சமரசம் செய்துகொள்ளத் தயாரில்லை. இவருக்கு மூன்றாவது வாரத்தில் அதை எடுத்திருந்தால், மாரடைப்பு வரும் முன்பே நோய் பிடிபட்டிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. சரியான மருந்து தொடங்கியதும் துண்டு பறக்கும் அபாயம் வேகமாகக் குறைகிறது; இரண்டு வாரத்துக்குப் பிறகு பெருமளவு தணிந்துவிடும்.

துண்டு பறப்பதைத் தடுக்க ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அதை நேரடியாகச் சோதித்த ஆய்வில் பலன் தெரியவில்லை. ரத்தக்கசிவு சற்றுக் கூடுவது போலத்தான் இருந்தது. ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும்தான் தடுப்பு.

பின்தொடர்தல்

மூன்று மாதம் கழித்து எடுத்த எக்கோவில் செயற்கை வால்வு நன்றாக இயங்கியது. மாரடைப்பு நாளில் 40 சதவீதமாகச் சரிந்திருந்த இதயத்தின் ரத்தம் தள்ளும் திறன் 52 சதவீதத்துக்கு வந்திருந்தது. அடைபட்ட இடத்தில் தமனிச் சுவர் வீங்கியிருக்கிறதா என்று சிடி ஆஞ்சியோவில் பார்த்தார்கள், இல்லை. அறிகுறி இல்லாவிட்டாலும் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது. கிருமி அரித்த சுவர் வாரங்கள் கழித்தும் வீங்கலாம்.

செயற்கை வால்வு இருப்பதாலும் ஒருமுறை தொற்று வந்துவிட்டதாலும் இவர் இனி அதிக அபாயப் பிரிவில் இருக்கிறார். பல் பிடுங்குவது, ஈறைச் சுரண்டிச் சுத்தம் செய்வது போன்றவற்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுக்கப்பட்டது.

இரட்டை இதழ் வால்வு குடும்பத்தில் வருவதுண்டு என்பதால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எக்கோ எடுக்கப்பட்டது. தம்பிக்கும் இரண்டு இதழ்கள்தான், ஆனால் கசிவோ இறுக்கமோ இல்லை. “அப்ப அண்ணனுக்குச் சொன்ன மாதிரி நானும் பல்லுக்குப் போறப்ப மாத்திரை போடணுமா?” என்று கேட்டார். வேண்டியதில்லை. இரட்டை இதழ் வால்வு மட்டும் இருப்பவர்களுக்கு இப்போதைய வழிகாட்டுதல்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டச் சொன்னார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கோ எடுத்து, வால்வோடு பெருந்தமனியின் அகலத்தையும் அளக்கச் சொன்னார்கள். காரணமில்லாத காய்ச்சல் சில நாளுக்கு மேல் நீடித்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் “எனக்கு வால்வில் இரண்டு இதழ்தான்” என்று முதலில் சொல்லிவிட வேண்டும் என்பதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.